ஜப்பான் தளபதி பேசிய பாஷை

கஞ்சி போட்டு விறைத்த காக்கிச் சட்டையின் வாசனையும் ஒட்டு மீசையின் பசை நெடியும் சேர்ந்து வந்ததால், அன்று சுப்புராம் மாமா கிட்டே வந்ததுமே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அம்மாவின் தம்பியான அவர் பட்டுச்சேலை வியாபாரி, ஆசையெல்லாம் சினிமா. தொண்ணூறுகளில், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்தையே பர்மாவாக்கி உலகப்போர் உளவாளிப் படம் ஒன்றை எடுக்க வந்தவர்கள், செலவைக் குறைக்க உள்ளூர்க்காரர்களையே ராணுவமாக்கினார்கள். வில்லாபுரத்திலிருந்து போன மாமா ஜப்பான் தளபதியானார். "கடையை அடைத்துவிட்டுக் கூத்தாடப் போகிறாரே" என்று கோபித்த மாமி, அன்றிலிருந்து அவரோடு நேரில் பேசவில்லை. காப்பி ஆறுவதைக்கூட அம்மாவிடம்தான் சொல்லியனுப்புவார்.

'சூட்டிங்' பார்க்க அம்மா என்னைக் கூட்டிப்போனார். தகர டப்பாவில் ஒயரைச் செருகினால் 'வயர்லெஸ்'. தீபாவளி அணுகுண்டுதான் பீரங்கி. அது வெடித்த அதிர்ச்சியில், மாமா ராப்பகலாக உருப்போட்டிருந்த ஜப்பான் வசனம் மொத்தமும் பறந்துவிட்டது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் வாய் திறக்கவில்லை. வேறு ஆளைப் போடலாமா என்று முணுமுணுப்பு எழ, டைரக்டர் ஓடிவந்தார்.

"அண்ணே, பிலிம் அம்புட்டும் வீணாப் போகுது. ஒங்க வீட்டுப் பாசையில என்னத்தையாச்சும் பேசுங்க. கோவமாப் பேசணும், அம்புட்டுத்தான்!"

எங்கள் வீட்டுப் பாஷை சௌராஷ்டிரம். மாமா இடுப்பில் கைவைத்து முழங்கினார். எல்லோரும் கைதட்ட, அம்மா மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என் காதில் சொன்னார்: "மாமிகிட்ட மூச்சு விடாதே!"

படம் வெளியானபோது சௌராஷ்டிரம் பேசும் எங்கள் தெருவே திரண்டு போனதால் மாமியும் வேறு வழியின்றி வந்தார். திரையில் மாமா, குரல் கொடுக்க வேறு ஆள் கிடைக்காததால் சொந்தக் குரலிலேயே, சௌராஷ்டிரத்தில் கர்ஜித்தார்: "மோட்டாரைப் போடச் சொன்னேனே, போட்டீங்களா? புளி வாங்கப் போய் மிளகாயோட வந்து நிக்கிறீங்களே!" பக்கத்தில் நின்ற சிப்பாய் நடுங்கியபடி தமிழில் சொன்னான்: "விடியறதுக்குள்ள பாலத்தைத் தகர்க்கச் சொல்றார்!"

எங்கள் வரிசைகள் வெடித்துச் சிரித்தன. பாஷை புரியாத முன்வரிசை ஆள் ஒருவர் திரும்பி, "எம்புட்டுப் பயமா இருக்கு, சிரிக்கிறீகளே!" என்று அதட்டினார்.

நான் மாமியைப் பார்த்தேன். திரையில் கேட்ட சொல்லும் மாமியுடையது, இடுப்பில் வைத்த கையும் மாமியுடையது. மாமா இருக்கையில் சரிந்து பாதியாகிவிட்டார். மாமி வாயைப் பொத்திக்கொண்டார், தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் வந்துவிட்டது. பல மாதத்துக்குப் பிறகு மாமாவை நேராகப் பார்த்து அவர் சொன்னார்: "மிளகாய் இல்ல, மல்லி!"

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அதன் பிரதி இன்று எங்கும் கிடைப்பதில்லை. தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. வெளியூரில் வளரும் என் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாஷை தெரியாது. இடுப்பில் கைவைத்து நான் அந்த வசனத்தை முழங்கினால் என் முகத்தையே பார்க்கிறார்கள். பிறகு தமிழில் சொல்கிறேன். சிரிக்கத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் தாமதமாக.