ஐந்து பத்துக்கு மூடாத கதவு

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்களுக்கு என் வாயைத் திறந்து காட்டுகிறேன். மேல்வரிசையில் ஒரு முன்பல் இல்லை. "குடிச்சிட்டு விழுந்திருப்பே" என்கிறாள் என் கணவனின் அக்கா. அன்று நான் குடித்தது ஒரு கோப்பை ஆறிப்போன காப்பி மட்டும்தான்.

கனடாவின் தண்டர் பே நகருக்கு நாங்கள் குடிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீடு மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று கேட்கும் புத்தி எங்கள் இருவருக்கும் இல்லை. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். என் கணவன் ரெய்னோ, கூரைப் பனியைத் தள்ளுகிறேன் பேர்வழி என்று ஏணியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மாடியில் கிடந்தான். அதனால் அந்த ஜனவரியில் கராஜ் கதவைப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மோட்டாரில் மேலும் கீழும் ஓடும் கராஜ் கதவைக் குளிர்காலத்தில் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் கீல்களுக்கும் ஸ்பிரிங்குக்கும் எண்ணெய் போடுவேன். கதவின் அடியில் இருக்கும் ரப்பர் பட்டை சிமெண்டோடு ஒட்டி உறையாதபடி சிலிக்கன் தடவுவேன். ஒட்டிக்கொண்டால் சிலர் வெந்நீர் ஊற்றுவார்கள். ஊற்றிய நீரே உறைந்து கதவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சோம்பேறிக்கு இரட்டை வேலை. வாசலில் படியும் ஐஸைக் கடப்பாரையால்தான் உடைக்க வேண்டும். இங்கே எல்லார் வீட்டிலும் ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கதவின் இரண்டு பக்கமும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மின்கண்கள் உண்டு. நடுவே பூனை வந்தால்கூடக் கதவு இறங்காமல் திரும்ப மேலே போய்விடும். உறைபனி அந்தக் கண்களை மூடிவிட்டாலும் அப்படித்தான். அப்போது நாங்கள் எல்லாரும் செய்வது ஒன்றே. சுவரில் இருக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிப்போம். பிடித்திருக்கும்வரை கதவு மின்கண்களின் பேச்சைக் கேட்காது, இறங்கிவிடும். தப்புதான். மைனஸ் முப்பதில் யாரும் தப்பு சரி பார்ப்பதில்லை.

திங்கள்கிழமை மாலை 5.10. எங்கள் ஊரில் ஜனவரியில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். காரை உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்தினேன். கதவு பாதி இறங்கி, மேலே போனது. மின்கண்களைத் துடைத்தேன். அவற்றில் பனியே இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி மேலே போனது. மூன்றாம் முறை மூடிக்கொண்டது.

செவ்வாய் 5.10க்கும் அதே கதை. புதன்கிழமையும். காலையில் மட்டும் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் மூன்று நாளும் காலையில் அடி ரப்பரில் நான்கு பள்ளங்கள் வரிசையாக இருந்தன, வெளியிலிருந்து யாரோ பிடித்துத் தூக்கப் பார்த்ததுபோல. ஐஸ் அழுத்திய தடம் என்று தேய்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை மைனஸ் முப்பத்தெட்டு. புயல். பனி தள்ளும் வண்டிகளையே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். சாலை மூடியாகிவிட்டது. கடைசி வண்டியாக வந்து சேர்ந்தவள் நான்தான்.

5.10. பொத்தானை அழுத்தினேன். ட்ர்ர்ர்... பாதி வந்து நின்றது. மேலே போனது.

5.13. ட்ர்ர்ர்... மேலே போனது.

5.15. மேலே போனது.

"என்ன அம்மணி, கதவோட குஸ்தியா?" மாடியிலிருந்து ரெய்னோ கத்தினான்.

"நீ எறங்கி வந்து புடியேன், ஒத்தக் கால்ல!"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் அந்தக் கராஜின் மூலையில் இருக்கிறது. குழாய்கள் அதே சுவரில் ஓடுகின்றன. கதவு திறந்தே கிடந்தால் ஒரு மணி நேரத்தில் குழாய் வெடிக்கும். விடிவதற்குள் வீடு உறையும். எழுந்து நடக்க முடியாதவனைத் தூக்கிக்கொண்டு அந்தப் புயலில் எங்கே போவேன்?

5.17. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விடவில்லை. கதவு இறங்கியது... இறங்கியது... தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. மோட்டார் முனகியது.

மோட்டாரிலிருந்து கதவை விடுவிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டு, என் முழு எடையையும் போட்டுக் கையால் அழுத்தினேன். கதவு சற்று இறங்கியது. பிறகு என்னையும் சேர்த்து மெல்ல மேலே தள்ளியது.

குனிந்து பார்த்தேன். வாசலில், ரப்பருக்கு அடியில், வெள்ளையாக ஒரு கட்டி. கை பருமன். கார் உள்ளே வரும்போது அது இல்லை.

"என்ன ஐலா?"

"ஐஸ்தான்!"

கடப்பாரையை எடுத்தேன். அடித்தேன். டங்!

மறுபடி அடித்தேன்.

மளுக்.

கடப்பாரையை இழுத்தேன். வரவில்லை. வெளியிலிருந்து... யாரோ பிடித்திருந்தார்கள்.

இழுத்தேன். அந்தப் பக்கமும் இழுத்தது. சட்டென்று விட்டது. இரும்பு என் வாயில் அடித்தது. பல் நாக்கின் மேல் கிடந்தது. வாயெல்லாம் சூடாக ரத்தம்.

பயத்தைவிடக் கோபம்தான் வந்தது. "விடு சனியனே! என் வீடு! விடு!"

அடித்தேன். கதவு குதித்தது.

அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை.

அடித்தேன்...

படார்!

தலைக்கு மேலே ஸ்பிரிங் அறுந்தது. கதவு தரையில் விழுந்தது.

5.22.

நடுவே எதுவும் இல்லை என்று மின்கண்கள் இரண்டும் பச்சையாக எரிந்தன.

மாடிக்குப் போனேன். ரெய்னோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கடவுளே, வாயில என்ன ரத்தம்?"

"கதவு மூடியாச்சு."

"சரி... யாரு வெர்னன்?"

"எந்த வெர்னன்?"

"என்னயக் கேக்குறியா? நீதான கத்தின? 'வெர்னன், நிறுத்து! வெர்னன், கை, கை!'ன்னு. ஏழு அடி கேட்டுச்சு. ஒவ்வொரு அடிக்கும் கத்தின."

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அன்றிரவு விளக்கை அணைக்காமல் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம்.

சனிக்கிழமைதான் சாலை திறந்தது. ஸ்பிரிங் மாற்ற டெல்பர்ட் கோசக் என்ற பெரியவர் வந்தார். வேலை முடித்து, அடி ரப்பரைத் தடவிப் பார்த்தவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நான்கு பள்ளங்கள். இந்த முறை ஆழமாக.

"வெர்னன்னு யாரையாவது தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா சொன்னா உனக்கு? விக்கும்போது சொல்லலியே?"

"நீங்க சொல்லுங்க."

"இந்த வீட்டுக்காரன்தான். பதினோரு வருஷம் ஆச்சு. இதே மாதிரி ஒரு புயல். அவன் பொண்டாட்டி மூரியல் அஞ்சு பத்து பஸ்ஸுல வந்து எறங்குவா. இந்த வாசல்ல வழுக்கி விழுந்து இடுப்பு ஒடஞ்சு போச்சு. காத்து சத்தத்துல கத்தினாலும் கேக்காது. உள்ள இவன் கதவ மூடிட்டிருந்தான். மின்கண்ணுக்கு முன்னாடி கைய நீட்டி நீட்டித் தடுத்திருக்கா. மூணு தடவ கதவு மேல போச்சாம். நாலாவது தடவ இவன் பொத்தான அழுத்திப் புடிச்சிட்டான்."

பெரியவர் தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"அப்ப நான் தீயணைப்புப் படையில இருந்தேன். காலையில கதவத் தூக்கினது இந்தக் கைதான். அவ வெளிய வெறச்சுக் கெடந்தா. கை மட்டும் உள்ள இருந்துச்சு. எலும்பு ஏழு எடத்துல ஒடஞ்சிருந்துச்சும்மா. கடப்பாரை அடி."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்வான்? இருட்டு, புயல், ஐஸ்னு நெனச்சேன்னான். விசாரணையில விட்டுட்டாங்க. பாவம், யாருக்கு வேணா நடக்கும். நானும் நம்பினேன்."

அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மார்ச்சில் வீட்டைக் காலி செய்தோம். இத்தனை நாள் ரெய்னோவிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

டெல்பர்ட் வெர்னனை நம்பியிருக்கக் கூடாது. இரண்டாவது அடியிலேயே, அந்த மளுக் சத்தத்திலேயே, அது ஐஸ் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஐந்து முறை அடித்தேன்.