சட்டைப்பையிலிருந்து வந்த மாத்திரை

கோழித்தீவனம் தயாரிக்கும் ஓர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வந்து இறங்கும் மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு இருக்கிறது, பூஞ்சை பிடித்திருக்கிறதா, புண்ணாக்கில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தாலும் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பண்ணைக்காரர்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று மேலாளர் ஒரு நாள் சொன்னார். "விக்கிறவங்க சொன்னா யாருங்க நம்பறாங்க? லேப்ல இருக்கிற நீங்களே வந்து சொன்னா காது குடுத்துக் கேப்பாங்க" என்றார். மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டேன்.

முதல் கூட்டம் ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. என் பெயரைச் சொல்லி அழைத்ததுமே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. மைக்கைப் பிடித்த கை நடுங்கி, மைக் உதட்டில் இடித்தது. "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொன்னபோது, அழுது முடித்தவள் பேசுவதுபோலக் குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு நானே பயந்துபோனேன். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "உக்காருங்க சாமி. தண்ணி குடிச்சுட்டு மெதுவாப் பேசுங்க" என்றார். கேலியில்லை, கரிசனம்தான். நான் உட்கார்ந்தேன். திரும்ப எழுந்திருக்கவில்லை. என் பேச்சை மேலாளரே திரையைப் பார்த்துப் படித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்காரர்கள் சங்கத்தில் எந்த விழா என்றாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். பேச எழுந்தால் நாற்காலியில் இருப்பவர்கள் செல்போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இதுக்கும் டாக்டர் இருப்பாங்கல்ல, போய்ப் பாக்கலாம்" என்றார். சேலத்தில் ஒரு பெண் மருத்துவரை விசாரித்து, அவரே கூட்டிக்கொண்டும் போனார். அதை இங்கே சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

மருத்துவர் என்னிடம் நிறையக் கேட்டார். ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறேனா என்று விசாரித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்த மாத்திரை பயத்தை எடுக்காதும்மா. பயத்துனால இதயம் தாறுமாறா ஓடுது பாருங்க, அதை மட்டும் பிடிச்சு நிறுத்தும். மேடை ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்குங்க. வீட்ல சும்மா இருக்கிற அன்னைக்கு ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க."

அவர் சொன்னதுபோலவே நடந்தது. அடுத்த கூட்டம் பரமத்தி வேலூரில். மேடைக்குக் கீழே நிற்கும்போது மனது வழக்கம்போலப் பதறியது. எல்லாரும் என்னையே பார்ப்பார்கள், குரல் உடையும், அவமானமாகிவிடும் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் உடம்பு அதைக் காதில் வாங்கவில்லை. கை நடுங்கவில்லை. குரல் என் குரலாகவே வந்தது. ஈரச்சோளத்தைக் குவித்து வைத்தால் உள்ளே என்ன நடக்கும், அதைத் தின்ற கோழியின் ஈரல் என்னவாகும் என்று நான் சொல்லச் சொல்ல, ஆட்கள் எழுந்து சந்தேகம் கேட்டார்கள். பதில் சொன்னேன். வரும் வழியில் காரில் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மாத்திரை விஷயம் என் கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. "தைரியத்துக்கு மாத்திரை போடறவ" என்று ஊரில் பேர் வாங்க எனக்கு விருப்பமில்லை. கூட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் இருக்கும். அவரே காரில் கூட்டிக்கொண்டு போவார். குறிப்புகளைப் படித்துக்கொண்டு போகிற பதற்றத்தில் ஒருமுறை மாத்திரை போட மறந்து, மண்டப வாசலில் ஞாபகம் வந்து தவித்தேன். அன்றிலிருந்து, "எங்கிட்டயே குடுத்துரு. நேரம் பாத்து நானே எடுத்துக் குடுக்கறேன்" என்று அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும் வழியில் எங்காவது வண்டியை ஓரம் கட்டுவார். மாத்திரையைப் பிரித்து என் உள்ளங்கையில் வைப்பார், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டுவார். குறிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே நான் விழுங்கிவிடுவேன்.

எப்போதாவது, "இன்னும் எத்தனை நாளைக்கு இது?" என்று கேட்பார்.

"கண்ணாடி போட்டவங்களப் பாத்து அப்படிக் கேப்பீங்களா?" என்பேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார். விட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

ஆத்தூர்க் கூட்டத்தில்தான் முதலில் பிசகியது. வாழப்பாடி தாண்டி வண்டியை நிறுத்தி அவர் மாத்திரை கொடுத்தார். ஆனால் மேடை ஏறியதும் நெஞ்சு ராசிபுரத்தில் அடித்த அதே அடி. காதுக்குள் சத்தம் கேட்டது. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, எழுதி வைத்திருந்ததை எப்படியோ சொல்லி முடித்தேன். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"எனக்கு மாத்திரை கேக்கவே இல்லீங்க" என்றேன் காரில்.

"நல்லாத்தான பேசுன" என்றார், சாலையைப் பார்த்தபடி.

அதற்கடுத்த கூட்டத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். என் அப்பா நெஞ்சுவலி வந்து பட்டென்று போனவர். எனக்கும் அங்கேதான் ஏதோ கோளாறு, அதனால்தான் மருந்துக்கும் அடங்காமல் ஓடுகிறது என்று மனது சொல்ல ஆரம்பித்தது. சமையல் செய்துகொண்டிருக்கும்போதே மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்ப்பேன். அவர் அதைக் கவனித்திருக்கிறார். "சும்மா மனசைப் போட்டு ஒழப்பிக்காத" என்று மட்டும் சொன்னார்.

திரும்பவும் சேலம் மருத்துவரிடம் போனோம். ஈசிஜி எடுக்கச் சொன்னார். மார்பில் வயர்களை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தபோது அப்பாவின் முகம் வந்து வந்து போனது. கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இதயம் நன்றாகவே இருக்கிறது என்றார் மருத்துவர். "சிலருக்கு நாளாக ஆக அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டி வரும்" என்று சொல்லி, கூடுதல் அளவில் எழுதிக் கொடுத்தார். கீழே இருந்த கடையில் அந்தப் புதிய அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதும் என் கணவர்தான்.

அதற்குப் பிறகு ஒரு கூட்டம் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலில் இருந்தது. பட்டறை வேலையாக அவர் கரூர் போக வேண்டியிருந்ததால் நான் கம்பெனி வண்டியில் போனேன். புறப்படும் முன் அட்டையைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தார். அந்தத் தயக்கம் இப்போதுதான் எனக்குப் புரிகிறது. வழியில் நானே பிரித்துப் போட்டுக்கொண்டேன். மேடைக்குப் போக நாற்காலியிலிருந்து எழுந்தபோது தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கிளினிக்கில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். ரத்த அழுத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார்கள். அன்று என் பேச்சு நடக்கவில்லை.

படுத்தபடியே கணவருக்குப் போன் செய்து சொன்னேன். எந்தக் கிளினிக் என்று கேட்டார். பிறகு, "சரி, ரெஸ்ட் எடு. நான் வெரசா வாரேன்" என்றார். வந்தார். கஞ்சி வைத்துக் கொடுத்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து அவருடைய சங்கத்தின் குடும்ப விழா வந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தன்னம்பிக்கை பற்றி அவரைப் பேசச் சொன்னார்கள். வழக்கம்போல இரண்டு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, "என்ற ஊட்டுக் கதையையே சொல்றேனுங்க" என்று ஆரம்பித்தார்.

எல்லாவற்றையும் சொன்னார். ராசிபுரம் மண்டபத்தில் என் குரல் உடைந்ததைச் சொன்னார். சேலம் மருத்துவரைச் சொன்னார். "மாத்திரை இல்லீன்னா மேடை ஏற மாட்டாங்க" என்றபோது பெண்கள் வரிசையில் தலைகள் என் பக்கம் திரும்பின. அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று நினைத்துக் குனிந்துகொண்டேன்.

"ஆத்தூர்ல பேசறப்ப நான் குடுத்தது என்ன மாத்திரை தெரியுங்களா? வெறும் சத்து மாத்திரைங்க. மெடிக்கல்ல கேட்டு, அதே வெள்ளையா, அதே சைஸ்ல பாத்து வாங்குனேன். அன்னைக்கு மட்டுமில்லீங்க, அதுக்கப்பறம் நான் கூட்டிட்டுப் போன எல்லாக் கூட்டத்துக்கும் அதேதான். எல்லாத்துலயும் பேசுனாங்க, கைதட்டு வாங்குனாங்க. தைரியம் மாத்திரையிலயா இருக்குது?"

மண்டபமே தட்டியது. என் பக்கத்தில் இருந்த பெண் என் தொடையைத் தட்டி, "உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்குதுங்க்கா" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபமில்லை. மருந்துக்கடைக் கண்ணாடி மேசையின் முன்னால் அவர் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. என் மாத்திரையை ஒரு கையிலும் வேறொன்றை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறதா, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்திருக்கிறார். கடைக்காரரிடம் என்ன சொல்லியிருப்பார்? இரண்டு பேரும் சிரித்திருப்பார்களா? அப்புறம் ஈசிஜி அறை ஞாபகம் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்துதான் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். "வந்து ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க. இன்னைக்கு அந்தச் சத்து மாத்திரைகூடப் போடலீங்க."

மறுபடியும் சிரிப்பு. இரண்டு பெண்கள் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். படி ஏறியதெல்லாம் சரியாக ஞாபகமில்லை. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் பெருமையோடு ஓரமாக நகர்ந்து நின்றார். கை நடுங்கியது. குரலும் ராசிபுரத்தில் வந்த அதே குரல்தான். ஆனாலும் சொன்னேன்.

"எனக்கு நெஞ்சுல ஏதோ வியாதின்னு நான் பயந்துட்டிருந்தேனுங்க. ஈசிஜி எடுத்தோம். டாக்டர் மருந்தைக் கூட்டிக் குடுத்தாங்க. அப்பக்கூட இவரு எங்கிட்டச் சொல்லலீங்க."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு யாரோ தட்டினார்கள், எல்லாரும் தட்டினார்கள். நன்றி சொல்ல வந்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு பெண் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கத் தலைவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பொன்னாடை போர்த்தினார்.

வீடு திரும்பும்போது அவர்தான் முதலில் பேசினார்.

"எல்லாரு முன்னாலயும் அப்படிச் சொல்லிட்டயே."

"நீங்களும் எல்லாரு முன்னாலயுந்தானுங்க சொன்னீங்க."

"உன்ற நல்லதுக்குத்தான செஞ்சேன். மாத்திரை இல்லாம உன்னால முடியும்னு காட்டோணும்னு நெனச்சேன். காட்டிட்டனா இல்லயா?"

"ஈசிஜி எடுத்த அன்னைக்குச் சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னா நீ கோவிச்சுக்குவ."

"நான் தலை சுத்தி விழுந்தனே, அன்னைக்கு?"

அவர் கார்க் கண்ணாடியை இறக்கி விட்டார். பட்டறைகளிலிருந்து வெல்டிங் வாடை உள்ளே வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ விழுவேன்னு நெனைக்கல" என்றார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ளலாமா என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். முடியவில்லை.

என் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அக்கறை இல்லாமயா சாமி இத்தனையும் பண்ணியிருக்காரு? அடிச்சாரா, திட்டுனாரா? இதப் போயி பெருசு பண்ணாத" என்றாள். அலுவலகத்திலும் விஷயம் பரவியிருந்தது. மேலாளர் கை குலுக்கி, "இனிமே உங்களுக்கு மாத்திரையே வேண்டாமுங்க" என்றார். எல்லாருக்கும் அது ஒரு நல்ல கதை. எனக்கு மட்டும் அது வேறு கதை.

மருத்துவரிடம் தனியாகப் போனேன். அவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. "இல்லாத ஒரு காரணத்துக்கு நான் உங்களுக்கு மருந்தைக் கூட்டியிருக்கேன். இது விளையாட்டு இல்லம்மா" என்றார். பழைய அளவுக்கே திரும்ப எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "ஆனா மருந்தில்லாம அத்தனை கூட்டத்துல நீங்க பேசியிருக்கீங்க. அதுவும் நெஜம்தான்" என்றார்.

நிஜம்தான். அதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. மாத்திரை இல்லாமல் ஒரு நாள் பேசிப் பார்க்கலாம் என்று எனக்கே என்றைக்காவது தோன்றியிருக்கும். தெரிந்தே ஏறி, தெரிந்தே நடுங்கி, பேசி முடித்து இறங்கியிருந்தால் அந்தச் சந்தோஷம் என்னுடையதாக இருந்திருக்கும். இப்போது அந்தக் கூட்டங்களில் பேசியது நானா, ஏமாந்து நின்ற ஒருத்தியா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் கூட்டங்களில் பேசுகிறேன். மாத்திரை என் கைப்பையில், அட்டையிலேயே இருக்கிறது. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் பிரிக்கிறேன். வீட்டில் நாங்கள் சண்டை போட்டுக்கொள்வதில்லை. அவர் நல்லவர் என்றுதான் ஊர் சொல்கிறது, நானும் மறுத்துச் சொல்வதில்லை. ஆனால் போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் மாத்திரையும் வெந்நீரும் கொண்டு வந்து நீட்டினார். "அங்க வெச்சுட்டுப் போங்க" என்றேன். வைத்துவிட்டுக் கதவோரம் சிறிது நேரம் நின்றிருந்தார்.

போன சனிக்கிழமை சேந்தமங்கலத்தில் கூட்டம். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"ஆபீஸ் வண்டி வருதுங்க" என்றேன்.

ஆபீஸ் வண்டி எதுவும் வரவில்லை. பஸ் ஏறித்தான் போனேன்.