மாமா ஊற்றிய தண்ணீர்

என் தங்கைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்த வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்காரவில்லை. அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் என் கால் தானாக ஆடுகிறது. அப்பாவோடு பிறந்த அத்தை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பஸ்ஸில் அலைந்துகொண்டிருந்தார். வெள்ளைக் கவுன், லேஸ் வைத்த குல்லா, கேக், பிரியாணிக்கு ஆள். அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அடித்த சுவரையே மறுநாளும் அடித்தார். அம்மா எந்த வேலையும் செய்யவில்லை. ஆனால் எல்லோரையும்விட அதிகம் நடந்தவர் அவர்தான். தோளில் குழந்தை, வாசலுக்கும் அடுப்புக்கும் இடையே நடை, நடை, நடை. குழந்தையைத் தூங்கவைக்கத்தான் நடக்கிறார் என்று நினைத்தேன். குழந்தை எப்போதோ தூங்கியிருந்தது.

குறைமாதக் குழந்தை அது. பிறந்தபோது அப்பா கம்பெனி வேலையாக ஓசூரில் இருந்தார். பிழைக்காது என்று தகவல் போய், பெருமழையில் பஸ் மாறி மாறி வந்தார். வரும் வழியெல்லாம் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றுதானாம்: குழந்தை பிழைக்கட்டும், ஞானஸ்நானத் தொட்டிக்கு நானே என் கையால் தூக்கிப் போகிறேன். பிழைத்தது. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் சபை, இங்கிலாந்துக்காரர்கள் விட்டுப்போன ஜெபப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற சபை. அழுவதற்குக்கூட அதில் பக்கம் உண்டு. குழந்தைக்காகச் சபை முன்னால் வாக்குக் கொடுக்க, பெண் குழந்தை என்றால் இரண்டு ஞானத்தாய், ஒரு ஞானத்தகப்பன். ஞானத்தாய்களில் ஒருவர் அத்தை. அதை அத்தையே முடிவு செய்திருந்தார். ஞானத்தகப்பன் யார் என்ற பேச்சு வந்தபோது அம்மா நடையை நிறுத்தி, தன் தம்பியைச் சொன்னார்.

மாமா மாங்காட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். அந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம். அம்மா ஞானஸ்நானம் வாங்கி, அதாவது முழுக்கெடுத்து, அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, பிறந்த வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் டி.வி.எஸ். ஃபிப்டியில் வந்துபோய்க்கொண்டிருந்தார். நெற்றியில் அம்மன் கோயில் குங்குமம், நகக்கண்ணில் சொல்யூஷன் பசை. நாள் முழுக்க ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கிற தொழில். எங்கள் உறவில் தண்ணீரை அத்தனை கவனமாகப் பார்த்தவர் வேறு யாருமில்லை.

“அவருக்கே முழுக்கு இல்ல. கொழந்தைக்காக இன்னா வாக்கு குடுப்பாரு?” என்றார் அத்தை. “பிசாச வெறுக்கிறேன்னு சொல்லணும். குங்குமத்த வச்சிக்கினு சொன்னா சபையில சிரிக்க மாட்டாங்க?”

“பிசாச நானுந்தான் வெறுக்கிறேன்,” என்றார் மாமா. பிறகு அம்மாவிடம் திரும்பி, “உடுக்கா, வேணாம். நான் ஓரமா நின்னுக்கிறேன்,” என்றார்.

அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆயர் வீட்டுக்குப் போனோம். பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் முன்னால் உட்காரவைத்து, மறுநாள் கேட்கப்போகும் கேள்விகளை ஒருமுறை சொல்லிக்கொடுப்பது ஆயரின் வழக்கம். என்னை வண்டியில் ஏற்றிவந்த மாமா உள்ளே வரவில்லை. வாசலில் வண்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “இந்தக் குழந்தை ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றதா, இல்லையான்னு முதல்ல கேப்பேன். இல்லைன்னு சொல்லிடுங்க. அப்பறந்தான் மத்ததெல்லாம்.” பக்கத்தைத் திருப்பினார்.

“என்னால இல்லன்னு சொல்ல முடியாதுங்கய்யா,” என்றார் அம்மா.

திருப்பிய பக்கம் ஆயர் கையிலேயே நின்றது.

அம்மா சொன்னார். பிரசவத்தன்று எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார். குழந்தை வேறு அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள். இன்னும் கொஞ்ச நேரந்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். முழுக்கு இல்லாமல் செத்த குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்த கதையை அத்தை எப்போதோ சொல்லியிருந்தார். அது அம்மாவின் தலைக்குள் சுற்றியது. சாவு வாசலில் நிற்கும்போது ஆயர் இல்லாவிட்டால் யாராவது ஒருவர் தண்ணீர் ஊற்றலாம் என்றும் சபையில் கேட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் மாமா ஒருவர்தான். குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை; பாப்பா என்றே ஆரம்பிக்கச் சொல்லி, சொல்லவேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்.

இதில் கொஞ்சம் எனக்கும் தெரியும். “தண்ணி கீதா பாட்டில்ல?” என்று என் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் பாட்டிலை வாங்கிப்போனவர் மாமா. நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். நர்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டார். மாமா தண்ணீர் ஊற்றியதும் அவர் உதடு அசைந்ததும் தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் அப்பா.

“எப்பிடி சொல்றது? நீங்க வேண்டிக்கிட்டத உங்க கையிலருந்து புடுங்கற மாரி இருந்துச்சு.”

அப்பா தரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஞானஸ்நானம் ஒரு மனிதருக்கு ஒரே ஒருமுறைதான். மாமா ஊற்றியது செல்லும் என்றால் நாளை தொட்டி வரைக்கும் தூக்கிப்போக எதுவும் இல்லை. செல்லாது என்றால், அன்று அந்தப் பெட்டிக்கு முன்னால் மாமா செய்தது வெறும் தண்ணீர்.

“கேக்குல பேரு எழுதக் குடுத்தாச்சுங்கய்யா,” என்றார் அத்தை, ஈனக் குரலில்.

ஆயர் மாமாவைக் கூப்பிட்டார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். யார் கொடுத்தது, எதைக்கொண்டு கொடுத்தது, என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவேண்டும் என்று அதற்கும் புத்தகத்தில் ஒழுங்கு இருந்தது. முதல் இரண்டுக்கும் பதில் சுலபம்.

“என்ன சொன்னீங்க தம்பி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்தார்.

“அக்கா சொன்னததான் சொன்னேன் சாமி. பிதான்னேன். குமாரன்னேன். மூணாவது வாயில வர்ல. பயத்துல எங்கம்மன் பேரு வந்திச்சோ இன்னாவோ. நெனப்பு இல்ல.”

“அவ்ளோ வாட்டி சொல்லி அனுப்பினேனேடா,” என்றார் அம்மா.

“நீ கேட்டியாம்மா?” என்று ஆயர் என்னைக் கேட்டார். கண்ணாடி என்றேன், கேட்கவில்லை என்றேன்.

ஆயர் மாமாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய புத்தகம் ஒன்றை எடுத்தார். சந்தேகம் என்று வந்துவிட்டால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது என்றார். அதுவரை இறுகியிருந்த அப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். எங்கள் கோயிலில் தொட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலோடு நின்றுவிட்ட மாமா, கடைசியில் ஞானத்தகப்பனாக நின்ற சபைப் பொருளாளரைவிடத் தொட்டிக்குக் கிட்டத்தில் இருந்தார். அப்பா குழந்தையைத் தூக்கி வந்தார். அவர் நடந்து நான் பார்த்ததிலேயே அதுதான் மெதுவான நடை.

“நீ முன்னமே ஞானஸ்நானம் பெறாதிருந்தால்,” என்று ஆயர் ஆரம்பித்தார். வேறு எந்தக் குழந்தைக்கும் சொல்லாத வரி. சபையில் தலைகள் திரும்பின. பிறகு தங்கையின் பெயர், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, தண்ணீர். தங்கை அழுதாள். அப்பாவும்.

மத்தியானம் வீட்டில் பந்தி. அண்டாவுக்குப் பக்கத்தில் இரைச்சல். அம்மா கொடுத்த பால் குழந்தைக்குப் புரையேறியது. இருமல் வரவில்லை. வாயைச் சுற்றி நீலம் பரவியது. அம்மா அப்படியே உறைந்து நின்றார். அப்பாவின் கையில் கரண்டி. மாமாதான் இலையை விட்டு எழுந்து வந்து, எச்சில் கையோடு குழந்தையை வாங்கி, முன்கையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்.

தட்டிக்கொண்டே முணுமுணுத்தார். நான் அவர் இடுப்போடு ஒட்டி நின்றிருந்தேன். நடுவில் கண்ணாடி எதுவும் இல்லை. பெயர் சொல்லவில்லை. பாப்பா என்றுதான் ஆரம்பித்தார். பிதா வந்தார். குமாரன் வந்தார். பரிசுத்த ஆவி ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தார். நாமத்திலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்பதுவரை, மனப்பாடச் செய்யுள் மாதிரி.

குழந்தை இருமியது. வீடு மூச்சுவிட்டது.

காலையில் ஆயர் சொன்னதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் பெயரைச் சொல்லவில்லை, அந்தப் ‘பெறாதிருந்தால்’ வரியையும் விட்டுவிட்டார். காலையில் கேட்டது மத்தியானத்துக்குள் பாதி மறந்துபோயிருக்கிறது. மாமாவுக்கு ஞாபகசக்தி கொஞ்சம் மட்டு என்று அதற்குப் பிறகு பல வருஷம் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.