கரடிக்காரர் விட்ட கதிரை

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் ஸ்பொன்சரில் ஊரிலிருந்து வெளிநாடு வந்த பெரியம்மாவும் அவருடைய மகளும் லாசால் நகரில் எங்களோடு தங்கியிருந்தார்கள். பெரியப்பா வரவில்லை; ஊரில் போரில் காணாமல் போயிருந்தார். மகள் என்னைவிட ஒரு வயது இளையவள். வந்த ஆறே மாதத்தில் என் கட்டிலில் பாதியும் என் அப்பாவில் முக்கால்வாசியும் அவளுக்கென்று ஆகிவிட்டன.

தேவாலய மண்டபத்தில் நடந்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விவாதப் போட்டி வந்தது. ஊரைப் பற்றி எந்தத் தலைப்பு வைத்தாலும் பெற்றோர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் சொந்தமில்லாத இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகளை ஆசிரியர் பிடித்தார். நூறு வருடத்துக்கு முந்தியவர்கள். ஒருவர் டெடி பியர் என்ற கரடிப் பொம்மைக்குப் பெயர் தந்தவர். மற்றவர், அவர் விலகிக் கைகாட்டியதால் பதவிக்கு வந்த பருமனான நண்பர். நாட்டுக்கு அதிகம் விட்டுச்சென்றவர் யார் என்பதுதான் வாதம். கரடிக்காரரை எனக்கும் தடியரை அவளுக்கும் அப்பாவே பிரித்துத் தந்தார்.

எங்கள் வழக்கப்படி பேச்சை அப்பா எழுதுவார், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். "நீ கெட்டிக்காரி, தனியப் பாடமாக்குவாய்" என்று என் தாளைக் கையில் தந்துவிட்டு அவளருகே போய் இருந்துகொண்டார். ஒவ்வொரு மாலையும் குசினி மேசையில் அவளுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். நல்ல வரிகளையெல்லாம் அவளுக்குத்தான் எழுதியிருக்கிறார் என்று கதவோரம் நின்று பொருமினேன். கேட்டுக் கேட்டு அவளுடைய பேச்சு முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது.

மேடையில் முதல் ஆள் நான். கரடிக்காரர் காடுகளைக் காத்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவளுடைய பேச்சை எடுத்துவிட்டேன். தடியர் நான்கே வருடத்தில் கரடிக்காரரைவிட அதிகமான பெரிய கம்பனிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தார், பின்னர் பிரதம நீதியரசரும் ஆனார், ஆரவாரமில்லாத சேவையே நிலைக்கும் என்று முழங்கி நிமிர்ந்தேன். ஒருவரும் கை தட்டவில்லை. அவள் வந்து மைக்கைப் பிடித்தாள்.

"நான் சொல்ல இருந்ததெல்லாம் அக்கா சொல்லிப்போட்டா. அக்காவும் எங்கட பக்கம்தான்."

மண்டபமே சிரித்தது. கிண்ணம் அவளுக்குப் போனது. எதிர்ப்பக்கத்துக்கு வாதாடிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திரும்பும்போது மெட்ரோவில் அப்பா ஏசவில்லை. "உன்ரை பேச்சின்ரை கடைசி வரியை ஏன் பிள்ளை விட்டனீ?" என்று மட்டும் கேட்டார்.

"அது வடிவில்லை" என்றேன்.

'தான் இருந்த கதிரையை இன்னொருவருக்கு விட்டு எழும்பியவரே பெரியவர்' என்பது அந்த வரி. ஒருவரைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னபோது, தன் பயணத்தைத் தம்பியான என் அப்பாவுக்கு விட்டுவிட்டு ஊரிலேயே நின்றவர் பெரியப்பா என்பது எனக்கு அன்று தெரியாது. தன்னுடைய அண்ணனைப் பற்றிய பேச்சைத்தான் அப்பா என் கையில் தந்திருந்தார்.

கரடிக்காரர் பிறகு மனம் மாறி, கதிரையைத் திரும்பக் கேட்டு நண்பரோடு தேர்தலில் மோதினார், இருவருமே தோற்றார்கள் என்று வளர்ந்த பின்னர் வாசித்தேன். அப்பா அதை என் தாளில் எழுதவில்லை. பெரியப்பா ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை.