கலா அக்காவின் இங்கிலீஷ் பரீட்சை

மழையில் நனைந்த சுண்ணாம்புத் தளத்தின் வாசனை எங்கே வந்தாலும், எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கலா அக்கா உரக்கப் படித்த குரல் எனக்குக் கேட்கும். பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் ஃபெயிலாகி, அவள் பாஷையில் "கோட் அடித்து"விட்டதால் டுடோரியலில் சேர்ந்திருந்த அவள், அங்கே கற்றதையெல்லாம் ஆறாவது படித்த என்னிடம்தான் ஒப்பிப்பாள்.

லுக், ஸீ, வாட்ச் மூன்றுக்கும் நோட்ஸில் "பார்" என்றே போட்டிருந்தது அவளைப் படாத பாடு படுத்தியது. கடைசியில் கார்த்திகை தீபத்தை வைத்து அவளே பிரித்துக்கொண்டாள். "டேய், மலையப் பாருன்னா திரும்புற இல்ல, அது லுக். எப்ப ஏத்துவாங்கன்னு கண்ணு கொட்டாம நிக்கிறமே, அது வாட்ச். ஏத்துனதும் தானா கண்ல படுதே, அது ஸீ." கோயில் மேளம் காதில் விழுவது ஹியர், அம்மாவும் அத்தையும் குசுகுசுப்பதைக் கதவோரம் நின்று பிடிப்பது லிஸன்.

அப்படி நாங்கள் இருவரும் நின்றபோதுதான், தீபம் பார்க்கிற சாக்கில் போளூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தது. பாஸானால் நர்ஸ் டிரெயினிங் அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். பரீட்சை எழுதியாகிவிட்டது, ரிசல்ட்தான் வரவில்லை.

தீபத்தன்று மாடி நிறைய உறவுகள். "பொண்ணு இன்னா படிச்சிருக்குது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பத்தாவதுங்க" என்று அப்பா முந்திக்கொண்டார்.

"இங்கிலீஷ் போயிடுச்சுங்க. திரும்ப எழுதியிருக்கேன்" என்றாள் அக்கா.

"எதுக்கும்மா? எங்க வூட்டு எருமைங்களுக்குத் தமிழே ஜாஸ்தி."

மாடியே சிரித்தது. அக்கா அப்பாவைத் தனியே அழைத்து, "ரிசல்ட் வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்கப்பா" என்றாள்.

"வந்தவங்கள வெறுங்கையோட எப்பிடிம்மா அனுப்புறது?" என்றார் அவர். உச்சியில் தீபம் ஏறி ஊரே "அரோகரா" என்று முழங்கிய கையோடு, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

மார்கழியில் ரிசல்ட் வந்தது. அக்கா பாஸ். தையில் கல்யாணம்.

டுடோரியல் இருந்த இடத்தில் இன்று லாட்ஜ் நிற்கிறது; எங்கள் மாடியிலிருந்து மலையுச்சி தெரிவதில்லை. போன வாரம், வெளிநாட்டுப் படிப்புக்கான இங்கிலீஷ் தேர்வில் இரண்டாம் முறையும் தவறிவிட்டு வந்த என் மகளிடம், "இதோட போதும்மா, ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க" என்றேன். அவள் பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சொன்னது நானா, அப்பாவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. நேற்று அந்த வீட்டாருக்குப் போன் செய்து, வரவேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மகளிடமும் சொன்னேன்.

அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.