சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர்

வண்டி ஓடினால் ஓட்டுகிறவர் கெட்டிக்காரர், நின்றால் மெக்கானிக் மடையன் என்பது எங்கள் தொழிலின் சட்டம். தர்மபுரியில் நான் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்த உலகச் சண்டைக் காலத்தில் இந்தச் சட்டத்துக்கு விலக்கே கிடையாது. ஸ்பானர் பிடித்த கைகளுக்கெல்லாம் இது புரியும்.

மந்திரக் கயிறு

பொம்மிடியில் கடலைக்காய் வியாபாரம் செய்த ரங்கசாமியின் பழைய வண்டி, நிறுத்தி வைத்தாலும் தானாக வேகமெடுத்து அலறும். பிறகு பட்டென்று அணைந்துவிடும். பேய் பிடித்திருப்பதாக ஊரே முடிவு கட்டிவிட்டது. பெட்ரோலும் காற்றும் கலந்து இஞ்சினுக்குப் போகும் குழாயில் சிறு மூக்கு ஒன்று உண்டு. அதன் வாயை ஒரு ரப்பர் மூடி அடைத்திருக்கும். அது வெடித்துக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

கைவசம் இருந்த கடைசி மூடியைப் போட்டேன். வண்டி பசுவைப் போல நின்றது. ஹேண்டிலில் கட்டியிருந்த மந்திரக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவர் சொன்னார்: "பாத்தீங்களா? கயிறு வேலை செய்ய கொஞ்சம் நேரமாவும்னு பூசாரி அப்பவே சொன்னாருங்க."

மாதப்பன்

அதன் பிறகு மூடி கிடைக்கவில்லை. சேலம் கடைகளில், ரப்பரெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்று கையை விரித்தார்கள். பென்னாகரம் டாக்டரின் வண்டிக்கும் மூடி போய்விட்டது. சைக்கிள் டியூபை வெட்டி மடித்து, செம்புக் கம்பியால் கட்டிக் கொடுத்தேன். "சூட்டில் இளகிவிடும், அடிக்கடி பாருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஒருநாள் காட்டோரக் கிராமத்திலிருந்து மாதப்பன் என்ற விவசாயி அந்த வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி. டாக்டர் கிளம்பி வரும்போது மேட்டில் இஞ்சின் சூடேறி இறுகிவிட்டதாம். வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவர் போய்ச் சேர்வதற்குள் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

நான் இஞ்சினைக் கழற்றுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எதனால் நின்றது என்று கேட்டான். வெறும் காற்று புகுந்துதான் சூடேறியது என்று சொல்லி, இளகிக் கிழிந்து போயிருந்த ரப்பரை எடுத்துக் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. மெதுவாகக் கேட்டான்: "இத்தனூண்டுதானுங்களா?"

டாக்டரின் கத்தரிக்கோல்

பழுது பார்த்த வண்டியை எடுத்துப்போக டாக்டரே பஸ்ஸில் வந்தார். முகத்தில் சவரம் இல்லை. மறுபடியும் சைக்கிள் டியூபைத்தான் கட்ட வேண்டும் என்று தயங்கியபடி சொன்னேன். அவர் பையைத் திறந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். கத்தரிக்கோலால் அதன் ரப்பர் குழாயில் ஒரு துண்டை நறுக்கி என்னிடம் நீட்டினார்.

"ஐயா, உங்க தொழில் சாமான் ஆச்சே!" என்று பதறினேன். நல்ல கெட்டியான ரப்பர். ஒரு முனையில் சிறு மரத்துண்டைச் செருகிக் கட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. குட்டையாகிப்போன ஸ்டெதாஸ்கோப்பைப் பையில் வைத்தபடி அவர் சொன்னார்: "இனிமே நோயாளிகிட்ட கொஞ்சம் அதிகமாக் குனியணும், நடேசன். அவ்வளவுதான். அவங்க உயிரோட இருக்கும்போதே நான் அங்க போய்ச் சேர்ந்தா சரி."

பொட்டலம்

சண்டை முடிந்து ஒரு வழியாக மூடிகள் வந்தன. புதுரப்பர் வாசனை மாறாத பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பென்னாகரம் போனேன். டாக்டர் வீட்டு வாசலில் வண்டி இல்லை. ஒற்றை மாட்டு வண்டி நின்றது. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம். நான் கட்டிய குழாய்த் துண்டு கடைசிவரை ஒருமுறைகூட ஏமாற்றவில்லை என்று அவரே சொன்னார். பின் ஏன் விற்றீர்கள் என்றேன்.

மாட்டைத் தடவிக்கொடுத்தார். பிறகு சொன்னார்: "வழியெல்லாம் இஞ்சின் சத்தம் நின்னுடுமோ நின்னுடுமோன்னு காதைத் தீட்டிக் கேட்டுக்கிட்டே போவேன்ப்பா. நோயாளி நெஞ்சுல குழாயை வெச்சாலும் எனக்கு அதேதான் கேக்குது."

இவ்வளவுக்கும், மூடி மாற்றுவதை எங்கள் தொழிலில் சில்லறை வேலை என்றுதான் சொல்வார்கள்.