வெளிச்சம் கூட்டுகிறவர்

"வீட்டுல இப்ப என்ன டிவி இருக்கு?" என்று கேட்பார். வாடிக்கையாளர் சொன்னதும் உடனே எதுவும் பேசமாட்டார். தலையை லேசாகச் சாய்த்து, "ஓ..." என்பார். அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி ஒரு சின்ன மௌனம். அன்று காலை வரை ஒழுங்காகப் படம் காட்டிய டிவியின் மேல் சொந்தக்காரருக்கே ஓர் இளக்காரம் வந்துவிடும். கடையில் அவருக்கு 'ஓ அண்ணன்' என்றே பேர்.

ஐம்பதைத் தாண்டிய ஆள். கழுத்தில் டை விறைப்பாக நிற்கும். கால்கள் சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும். டிவி விற்கிறவர்கள் உட்காரக்கூடாது என்பது கடையின் சட்டம். அதனால் மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பும்போது ஷூவிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்துக் காற்றுக் காட்டுவார். பேண்ட் பையில் எப்போதும் இரண்டு ரிமோட் உண்டு. போன வருட மாடலும் இந்த வருட மாடலும் அவர் பிரிவில் அக்கம்பக்கமாக ஓடும். பேச்சோடு பேச்சாகப் பழையதில் வெளிச்சத்தைக் குறைப்பார், புதியதில் கூட்டுவார். "நான் ஒண்ணும் சொல்லல சார். உங்க கண்ணே சொல்லுது பாருங்க" என்பார். கண் என்ன செய்யும், பாவம்.

அவர் வீட்டில் இருப்பதோ, தலையில் தட்டினால்தான் படம் வருகிற டிவி. மனைவி புதிதாக ஒன்று கேட்டால், "நாள் பூரா நூறு டிவி பாக்குறவனுக்கு வீட்டுல வேற எதுக்கு?" என்பார். "பாக்குறது நீங்க மட்டும்தானா?" என்று கேட்டபடி அந்த அம்மாள் டிவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள், "அண்ணே, இன்னும் ஒரு பெரிய டிவியாவது தள்ளிடுங்க. இல்லேன்னா மேல உங்களுக்காக என்னால பேச முடியாது" என்றான் மேனேஜர். அவர் மகன் வயதுக்காரன். அப்படி அவன் யாருக்காகப் பேச முடியாமல் போனதோ, அவர்கள் ஏற்கெனவே வேலையிழந்து வீட்டில் இருந்தார்கள். அன்று மத்தியானம் பார்த்துக் கடைக்குள் வந்தது அவருடைய சொந்த அக்கா.

கணவர் போன பிறகு தனியாக இருக்கிறவள். வீட்டில் பேச்சுக்குரல் என்று இருந்தது டிவி ஒன்றுதான். "படம் மங்கிப்போச்சு தம்பி. ஆளுங்க மூஞ்சியெல்லாம் புகை மூட்டமா தெரியுது. மாத்திடலாமா, இல்ல அதையே வச்சு ஓட்டலாமா? வைத்தியச் செலவுக்குன்னு எடுத்து வச்சதுதான் கையில இருக்கு. நீ சொல்லு, நீ சொன்னா சரி."

இந்த வருட மாடலின் முன்னால் அவளை நிறுத்தினார். அக்கா கிட்டே போனாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவு போனாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு... ஆனா இதுலயும் கொஞ்சம் புகை இருக்கேடா" என்றாள்.

எத்தனையோ வயதானவர்கள் இதே இடத்தில் இதே மாதிரி நின்று பார்த்ததைக் கண்டவர் அவர். அந்த நொடியே புரிந்துவிட்டது. மங்கியது டிவி இல்லை. அக்காவின் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. 'டிவி வேணாம்க்கா, வா, கண் டாக்டர்கிட்ட போவோம்' என்பது தொண்டை வரைக்கும் வந்தது. கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தான். பேண்ட் பைக்குள் விரல் அழுத்தியது. திரை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது.

"இப்ப எப்படிக்கா?"

"ஆமா தம்பி! இப்பதான் பளிச்சுன்னு இருக்கு!"

சின்னப் பிள்ளை மாதிரி அவள் சிரித்தாள். "பழசைக் குடுத்தா விலையில கழிச்சுக்குவாங்க" என்றது அவர் வாய். இத்தனை வருடத்தில் யாரை ஏமாற்றியபோதும் வலிக்காத நெஞ்சு அன்றைக்கு வலித்தது. வலிக்க வலிக்கவே பில் போட்டார். வேலை தப்பியது.

அடுத்த வாரம் அக்காவின் பழைய டிவி கடையின் கிடங்குக்கு வந்து சேர்ந்தது. இப்படி வருகிறவற்றை ஓட்டிப் பார்ப்பதும் அவர் வேலைதான். பிளக்கைச் செருகினார். ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அவள் புருவத்து முடியைக்கூட எண்ணிவிடலாம், அவ்வளவு சுத்தமான படம். பார்த்துக்கொண்டே நின்றார். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது. அப்போது போன் அடித்தது. அக்காதான்.

"தம்பி, புதுசும் மங்கலாத்தான்டா இருக்கு. கடையில இருந்த பளபளப்பு இங்க இல்லையே?"

இப்போதாவது சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், உனக்கு இது எப்போதிருந்து தெரியும் என்று கேட்பாள்.

"புதுசுதானேக்கா... பழகப் பழகச் சரியாயிடும்."

"அப்படியா? நீ சொன்னா சரிப்பா. மத்தியானம் சாப்பிட்டியா?"

"ம்" என்று சொல்லிப் போனை வைத்தார். செய்தி வாசிக்கிற பெண் இன்னமும் அவரையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். டிவியை அவர் அணைக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, ஓடுகிற டிவியை ஓடுகிற மாதிரியே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.